விலை ஏறினா டிமாண்ட் குறையும், டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும்... அப்போ இது எங்கதான் போய் நிக்கும்?

நடுபெஞ்ச்
எல்லாருக்கும் வணக்கம். எகனாமிக்ஸ் முதல் வருஷம் படிக்கிறேன், மைக்ரோ பேப்பர்ல ஆரம்பத்துலயே ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். விலை ஏறினா தேவை குறையும்னு தேவை விதி சொல்லுது, சரி. தேவை குறைஞ்சா விலை இறங்கும்னு அடுத்த பாடம் சொல்லுது, அதுவும் சரி. விலை இறங்கினா மறுபடி தேவை ஏறணுமே, தேவை ஏறினா திரும்ப விலை ஏறணுமே, இப்படியே சுத்திக்கிட்டே இருந்தா சமநிலை விலைன்னு ஒண்ணு எப்படி வரும்? க்ளாஸ்ல கேட்டா ரெண்டு கோடு போட்டு வெட்டுற இடத்த காட்டுறாங்க. படத்துல பாத்தா புரியுது, வாயால சொல்லிப் பாத்தா சுத்துது. கொஞ்சம் பொறுமையா யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பழையவாத்தியார்
தம்பி, இந்தக் கேள்வி வரலைன்னா அந்தப் படம் உண்மையில புரியலைன்னு அர்த்தம், அதனால நீங்க சரியான இடத்துலதான் நிக்கிறீங்க.

தேவைங்கிறது ஒரு நம்பர் இல்ல, ஒரு முழு அட்டவணை. இந்த விலைன்னா இவ்வளவு வாங்குவோம், அந்த விலைன்னா அவ்வளவு வாங்குவோம்னு எல்லா விலைக்கும் சேத்து ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்ல ஒரு வரி மட்டும் எடுத்தா அதுக்குப் பேரு தேவை அளவு. விலை மாறினா நீங்க அதே பட்டியல்ல வேற வரிக்குப் போறீங்க, பட்டியல் மாறல. பட்டியலே மாறணும்னா வருமானம், மத்த பொருளோட விலை, ருசி, வாங்குற ஆளுங்க எண்ணிக்கை, நாளைக்கு விலை என்ன ஆகும்ங்கிற எதிர்பார்ப்பு, இதுல ஏதாவது ஒண்ணு மாறணும்.

நம்பர் வச்சுப் பாப்போம், இதே நம்பர கடைசி வரைக்கும் வச்சுக்கலாம்.
தேவை அளவு = 120 − 2 × விலை
அளிப்பு அளவு = 3 × விலை − 30

விலை 40ன்னா கேக்குறது 40, கொண்டு வர்றது 90. ஐம்பது தேங்கிடும், விக்கிறவங்க விலைய இறக்குவாங்க. விலை 20ன்னா கேக்குறது 80, வர்றது 30, இப்ப ஐம்பது பத்தாது, விலை ஏறும். 30ல ரெண்டும் 60. அங்க யாருக்கும் விலைய மாத்த காரணம் இல்ல, அதனால நிக்குது.

இப்ப மக்களோட வருமானம் குறைஞ்சு பட்டியல் 100 − 2 × விலைன்னு ஆயிடுச்சுன்னு வைங்க. பழைய விலை 30ல கேக்குறது 40, வர்றது 60. விலை இறங்க ஆரம்பிக்கும். இறங்க இறங்க புதுப் பட்டியல்ல தேவை அளவு கூடும், அளிப்பு அளவு குறையும், 26ல ரெண்டும் 48. முடிஞ்சது. விலை இறங்குனதால தேவை அளவு 40ல இருந்து 48க்கு ஏறுச்சே, அது திரும்ப விலைய ஏத்தாதான்னா ஏத்தாது, ஏன்னா அந்த ஏத்தம்தான் தேக்கத்தையே தீத்தது. நீங்க அதை ரெண்டாவது தடவ எண்ணுறீங்க, அதனாலதான் சுத்துது.

நடுபெஞ்ச்
சார் "ரெண்டாவது தடவ எண்ணுறீங்க" இந்த ஒரு வரிதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. ரொம்ப நன்றி சார்.

கோடுகிழிப்பவன்
நடுவுல ஒரு சந்தேகம். மேல இருக்கிற சமன்பாட்டுல விலைய வச்சுதான் அளவ கண்டுபிடிக்கிறோம். கணக்குப் படிச்சவனா இருந்தா விலைய படுக்கை அச்சுல போடணும், அளவ செங்குத்துல போடணும். எகனாமிக்ஸ்ல மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?

அளவுகோல்
இங்கிலாந்து பொருளியலாளர் மார்ஷலோட பழக்கம் ப்ரோ. 1838ல பிரெஞ்சுக்காரர் கூர்னோ தேவைக் கோடு போட்டப்ப நீங்க சொல்ற மாதிரி விலை படுக்கைலதான் இருந்துச்சு. 1890ல வந்த ஆல்பிரட் மார்ஷல் புத்தகம் தலைமுறை தலைமுறையா பாடமா ஓடுச்சு, அவர் அளவ முதல்ல வச்சு, இந்த அளவு விக்கணும்னா ஜனங்க எவ்வளவு விலை வரைக்கும் கொடுப்பாங்கன்னு யோசிச்சார், அதனால விலை செங்குத்துக்குப் போயிடுச்சு. அவர் மாதிரி படிச்சுப் பாருங்க, கோட்டோட ஒவ்வொரு புள்ளியோட உயரமும் அந்தக் கடைசி ஒரு யூனிட்டுக்கு ஒருத்தர் கொடுக்கத் தயாரா இருக்கிற தொகை. நுகர்வோர் உபரியெல்லாம் (கொடுக்கத் தயாரா இருந்ததுக்கும் உண்மையில கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) அப்புறம் தானா புரியும்.

சிலந்திவலை
எனக்கு இந்த தேவை விதி மேலயே நம்பிக்கை இல்ல. ஷேர் விலை ஏற ஏறத்தான் கூட்டமா போய் வாங்குறாங்க. நிலமும் அப்படித்தான். விலை ஏறினா வாங்குறது கூடுது, விதி எங்க போச்சு?

பழையவாத்தியார்
அது எதிர்பார்ப்பு நண்பரே. இன்னைக்கு ஏறுனதப் பாத்து நாளைக்கு இன்னும் ஏறும்னு நினைக்கிறாங்க, அப்போ பட்டியலே மாறி, கோடு வலது பக்கம் நகருது. மத்ததெல்லாம் மாறாம இருந்தான்னு விதியோட தலைல ஒரு நிபந்தனை இருக்கே, அதை பசங்க மனப்பாடமா எழுதிட்டு மறந்துடறாங்க. மைக்ரோல பாதி குழப்பம் அந்த ஒரு வரிய அலங்காரம்னு நினைக்கிறதுலதான் வருது.

தேன்மொழி_ஆய்வு
சார் சொன்னது சரி, கூடவே ஒரு உண்மையான விதிவிலக்கும் சொல்லிடறேன், ஏன்னா எக்ஸாம்ல கிஃபன் பொருள் (விலை இறங்கினா வாங்குறதும் குறையுற பொருள்) கண்டிப்பா வரும். விலை இறங்கினா ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, மத்ததோட ஒப்பிட்டா இது மலிவாயிடுச்சு, அதனால இதுக்கு மாறுவோம் (பதிலீட்டு விளைவு). ரெண்டு, கையில இருக்கிற காசுக்கு வாங்கும் சக்தி கூடிடுச்சு (வருமான விளைவு). ரொம்ப ஏழைக் குடும்பத்துக்கு ஒரே தானியம்தான் செலவுல பெரும்பங்குன்னா, அது மலிவாகும்போது மிச்சமாகுற காசுல கொஞ்சம் நல்ல உணவு வாங்கி அந்தத் தானியத்தையே குறைச்சுக்கலாம். வருமான விளைவு பதிலீட்டு விளைவ ஜெயிச்சுடுது. ரொம்ப நாளா இது பாடப்புத்தகத்துல மட்டும்தான் இருந்துச்சு, 2008ல ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் ரெண்டு பேரும் சீனாவோட ஹூனான் மாகாணத்துல ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிக்கு மானியம் கொடுத்துப் பாத்த ஆய்வு வந்துச்சு. மலிவா கிடைச்சப்ப அரிசி சாப்பிடுறது குறைஞ்சுது. ஷேர் கதையும் இதுவும் வேற வேற, ஒரே பதில்ல கலந்துடாதீங்க.

நடுபெஞ்ச்
அக்கா சூப்பர். அடுத்து நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் மாறினா தேவை அளவு எத்தனை சதவீதம் மாறும்ங்கிறது. எங்க நோட்ஸ்ல "கோடு தட்டையா இருந்தா நெகிழ்ச்சி அதிகம், செங்குத்தா இருந்தா குறைவு"ன்னு இருக்கு. அப்போ நேர்கோடுன்னா எல்லா இடத்துலயும் சரிவு ஒண்ணுதானே, நெகிழ்ச்சியும் ஒண்ணுதானே?

அளவுகோல்
இல்ல ப்ரோ, இங்கதான் நிறைய பேர் மார்க் விடுறாங்க. சரிவு யூனிட்டுக்கு யூனிட், நெகிழ்ச்சி சதவீதத்துக்கு சதவீதம். சார் கொடுத்த 120 − 2 × விலையையே எடுங்க. நெகிழ்ச்சி = 2 × விலை ÷ அளவு (மைனஸ் குறிய விட்டுடுங்க).

விலை 10, அளவு 100, நெகிழ்ச்சி 0.2
விலை 30, அளவு 60, நெகிழ்ச்சி 1
விலை 50, அளவு 20, நெகிழ்ச்சி 5

ஒரே நேர்கோடு, 0.2ல இருந்து 5 வரைக்கும் ஓடுது. இப்ப வருவாயப் பாருங்க. விலை 20ன்னா 20 × 80 = 1600. விலை 30ன்னா 1800. விலை 40ன்னா மறுபடி 1600. நெகிழ்ச்சி 1 இருக்கிற இடத்துலதான் மொத்த வருவாய் உச்சம். அதுக்குக் கீழ இருக்கும்போது விலைய ஏத்தினா வருவாய் கூடும், மேல போயிட்டா விலை ஏத்துறது நஷ்டம். நோட்ஸ்ல இருக்கிற தட்டை, செங்குத்துங்கிறது ஒரே புள்ளி வழியா போற ரெண்டு கோட்ட ஒப்பிடும்போது மட்டும் செல்லும்.

வரிக்கடுப்பு
இந்த இழைக்கே வரி பத்தி கேக்கத்தான் வந்தேன். அரசாங்கம் கம்பெனி மேல வரி போடுதுன்னா கம்பெனி அப்படியே நம்ம தலைல கட்டிடுது. அப்போ கம்பெனி மேல வரி போடுறதுல என்ன பிரயோஜனம்? நேரா நம்மகிட்டயே வாங்கிடலாமே.

பழையவாத்தியார்
இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா மைக்ரோ படிக்காதவங்களுக்கும் படிச்சவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கணக்குல தெரிஞ்சுடும். யூனிட்டுக்கு 10 வரின்னு வைப்போம்.

முதல்ல விக்கிறவங்க கட்டணும்னு சட்டம். வாங்குறவங்க கொடுக்கிற விலைல 10 போக மிச்சம்தான் அவங்க கைக்கு வரும். அளிப்பு 3 × (விலை − 10) − 30 ஆகும், அதாவது 3 × விலை − 60. தேவையோட சமப்படுத்தினா விலை 36, அளவு 48. விக்கிறவங்க கைக்கு 26.

பழைய விலை 30. வாங்குறவங்க தலைல ஏறுனது 6, விக்கிறவங்க தலைல 4. முழுசா யாரும் தள்ளிவிட முடியல பாருங்க. தள்ளிவிட்டு 40க்கு வித்தா வாங்குறது 40தான், ஆனா அவங்க கைல அதே 30 வர்றதால 60 கொண்டு வருவாங்க. தேங்கும். அதனால இறங்கியே ஆகணும்.

இப்ப சட்டத்த மாத்துவோம், வாங்குறவங்க கட்டணும்னு. தேவை 120 − 2 × (விலை + 10), அதாவது 100 − 2 × விலை. மேல வருமானம் குறைஞ்சப்ப வந்த அதே கோடு. விலை 26, வரியோட சேத்து வாங்குறவங்களுக்கு 36. அதே 36, அதே 26, அதே 48. சட்டத்துல யார் பேரு இருக்குங்கிறதுக்கும் சுமை யார் மேல விழுதுங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரால நழுவ முடியலையோ அவங்கதான் அதிகம் சுமப்பாங்க. இங்க விலை 1 மாறினா தேவைப் பக்கம் 2 யூனிட்தான் அசையுது, அளிப்பு 3 அசையுது, அதனால வாங்குறவங்களுக்கு 6.

அரசுக்கு வர்றது 48 × 10 = 480. ஆனா 60ல இருந்து 48க்கு குறைஞ்ச அந்த 12 யூனிட், அதுல ரெண்டு பக்கத்துக்கும் கிடைச்சிருக்க வேண்டிய லாபம் யாருக்கும் கிடைக்கல. படத்துல இந்த இழப்பு ஒரு முக்கோணமா தெரியும், அதோட பரப்பு ½ × 10 × 12 = 60. இது அரசுக்கும் போகல, கம்பெனிக்கும் போகல. வரிங்கிறது வெறும் கை மாத்துறது மட்டும்னு நினைக்கிறவங்க இந்த 60ஐத்தான் கவனிக்கிறதில்ல.

வரிக்கடுப்பு
சட்டத்த மாத்துனாலும் அதே 36 வர்றத நானே பேப்பர்ல போட்டுப் பாத்தேன். தெளிவா இருக்கு சார், நன்றி.

சிலந்திவலை
சரி, எனக்கு அடுத்த சண்டை. நிறைவுப் போட்டில (நிறைய பேர் ஒரே பொருள விக்கிற, தனியா யாராலயும் விலைய வைக்க முடியாத சந்தை) நீண்ட காலத்துல லாபம் பூஜ்யம்னு எழுதியிருக்கு. லாபமே இல்லாம யாராவது தொழில் பண்ணுவாங்களா? இது நடைமுறை தெரியாதவங்க எழுதுனது.

தேன்மொழி_ஆய்வு
பூஜ்யம்னு சொல்றது பொருளியல் லாபம், கணக்குப் புத்தகத்துல வர்ற லாபம் இல்ல. ஒருத்தர் சொந்தப் பணம், சொந்த உழைப்பு, சொந்த இடம் போட்டுத் தொழில் பண்றார். அந்தப் பணத்த வேற எங்கயாவது போட்டிருந்தா ஒரு வருமானம் வந்திருக்கும், வேற ஒருத்தர்கிட்ட வேலைக்குப் போயிருந்தா சம்பளம் வந்திருக்கும், இடத்த வாடகைக்கு விட்டிருந்தா வாடகை வந்திருக்கும். இதெல்லாம் வாய்ப்புச் செலவு. கைல இருந்து காசு போகல, அதனால ஆடிட்டர் எழுத மாட்டார், ஆனா உண்மையான செலவு. இதையும் கழிச்ச பிறகு பூஜ்யம்னா அடுத்த நல்ல வாய்ப்புல என்ன கிடைக்குமோ அது சரியா கிடைக்குதுன்னு அர்த்தம். விட்டுட்டுப் போக காரணம் இல்ல, புதுசா ஆள் உள்ள வரவும் காரணம் இல்ல. அதனாலதான் அங்க நிக்குது.

சிலந்திவலை
அப்படிப் பாத்தா சரி. ஆனா நஷ்டத்துல ஓடுற ஃபேக்டரிய மாசக்கணக்கா மூடாம ஓட்டுறாங்களே, அதுக்கு என்ன சொல்வீங்க?

அளவுகோல்
நான் சொல்றேன். மாறாச் செலவு (வாடகை, கடன் வட்டி) மாசம் 500ன்னு வைங்க. ஓட்டினாலும் மூடினாலும் கட்டணும். ஓட்டினா மாறும் செலவு 800, வருவாய் 1000. ஓட்டினா நஷ்டம் 300. மூடினா 500. ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம். வருவாய் 700க்கு விழுந்தா ஓட்டினா நஷ்டம் 600, அப்ப மூடிடணும். குறுகிய காலத்துல விலை சராசரி மாறும் செலவுக்குக் கீழ போனா மூடுன்னு புத்தகத்துல ஒரு வரி இருக்கே, அது இந்தக் கணக்குதான். வாடகை ஒப்பந்தம் முடியுற வரைக்கும் அந்த 500 பத்தி யோசிக்கவே கூடாது, எந்த முடிவு எடுத்தாலும் திரும்ப வராத காசு.

நடுபெஞ்ச்
இறுதிநிலைச் செலவுக் கோடு (கூட ஒரு யூனிட் செய்ய ஆகுற செலவு) சராசரிச் செலவுக் கோட்ட அதோட அடிமட்டத்துலதான் வெட்டும்னு இருக்கே, அதுக்கு காரணம் கேட்டா வகைநுண்கணிதம் போடுறாங்க. சிம்பிளா?

அளவுகோல்
உன் சராசரி மார்க் 70. அடுத்த டெஸ்ட்ல 60 எடுத்தா சராசரி இறங்கும், 80 எடுத்தா ஏறும், 70 எடுத்தா அசையாது. கடைசி டெஸ்ட்தான் இறுதிநிலை. அது சராசரிக்குக் கீழ இருக்கிற வரைக்கும் சராசரி இறங்கிக்கிட்டே இருக்கும், மேல போனதும் ஏற ஆரம்பிக்கும், அப்போ ரெண்டும் சந்திக்கிற இடம்தானே அடிமட்டம்.

கோடுகிழிப்பவன்
முற்றுரிமை பத்தி யாரும் பேசல. ஒரே ஒருத்தர்தான் விக்கிறார்னா எவ்வளவு வேணா விலை வைக்கலாமே, ஏன் ஒரு இடத்துல நிறுத்துறார்?

பழையவாத்தியார்
எவ்வளவு வேணா வைக்கலாம், ஆனா அந்த விலைக்கு எவ்வளவு விக்கும்னு அவர் முடிவு பண்ண முடியாது, அது தேவைக் கோட்டு கைல இருக்கு. அதே 120 − 2 × விலை. ஒவ்வொரு யூனிட்டும் செய்ய 20 ஆகுதுன்னு வைங்க. 39 யூனிட் விக்க விலை 40.5, வருவாய் 1579.5. 40 யூனிட் விக்க விலை 40, வருவாய் 1600. நாப்பதாவது யூனிட்டால கூடினது 20.5. செலவு 20, சரி செய்யலாம். 41 விக்கணும்னா விலை 39.5, வருவாய் 1619.5. கூடினது 19.5தான், செலவு 20. நிறுத்திடுவார்.

நல்லா கவனிங்க, அந்த 41வது யூனிட்ட 39.5 கொடுத்து வாங்க ஆள் இருக்கு, செய்ய 20தான் ஆகும், இருந்தும் செய்ய மாட்டார். ஏன்னா அந்த ஒண்ண விக்கிறதுக்காக மத்த 40க்கும் அரை அரை விலை குறைக்கணும், அங்க 20 போயிடுது. போட்டிச் சந்தையா இருந்தா விலை 20, அளவு 80 வரைக்கும் போயிருக்கும். முற்றுரிமை மேல எனக்கு இருக்கிற வருத்தமே இதுதான், அதிக விலை வாங்குறத விட, செஞ்சிருக்க வேண்டிய 40 யூனிட்ட செய்யாம விடுறது. விலை அதிகமா வாங்குனது ஒரு கைல இருந்து இன்னொரு கைக்குப் போகுது, செய்யாம விட்டது யாருக்கும் இல்லாம போகுது.

வரிக்கடுப்பு
குறைந்தபட்சக் கூலி பத்தியும் சொல்லிடுங்க. புத்தகத்துல விலைத் தளம் (இதுக்குக் கீழ விலை போகக் கூடாதுன்னு சட்டம்) வச்சா உபரி வரும், அதாவது வேலையில்லாத் திண்டாட்டம் வரும்னு இருக்கு. ஆனா அப்படி ஆகலன்னு நோபல் வாங்கியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். எது சரி?

தேன்மொழி_ஆய்வு
ரெண்டும் சரியா இருக்கலாம், எந்தச் சந்தைங்கிறதப் பொறுத்து. 1992 ஏப்ரல்ல அமெரிக்காவோட நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 டாலரா ஏத்துச்சு, பக்கத்து பென்சில்வேனியா ஏத்தல. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்ங்கிற பொருளியலாளர்கள் ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் இருந்த துரித உணவுக் கடைகள ஏத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டாங்க. 1994ல வெளியான முடிவு, நியூஜெர்சில வேலை குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்ல. இது மேல பெரிய விவாதம் நடந்துச்சு, நியூமார்க், வாஷர்ங்கிற வேற ரெண்டு பொருளியலாளர்கள் வேற தரவு வச்சு மறுத்தாங்க. க்ரூகர் 2019ல இறந்துட்டார், கார்டுக்கு 2021ல நோபல்ல பாதி கிடைச்சது.

எப்படி வேலை குறையாம இருக்கும்? பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933லயே வழி காட்டிட்டார், வேலை கொடுக்கிறவர் ஒருத்தர்தான்னா (அல்லது வேற இடத்துக்கு மாறுறது கஷ்டம்னா) அது வாங்குறவர் பக்கத்து முற்றுரிமை. நம்பர் பாருங்க. 10 பேருக்கு தலைக்கு 20 கூலி, மொத்தம் 200. பதினோராவது ஆள் 21 கொடுத்தாதான் வருவார், ஆனா அப்ப எல்லாருக்கும் 21 கொடுக்கணும், மொத்தம் 231. அந்த ஒரு ஆளுக்காக கூடுற செலவு 31. அவர் உழைப்பால வர்றது 28ன்னா எடுக்க மாட்டாங்க. இப்ப சட்டம் குறைந்தபட்சம் 21ன்னு சொல்லுது. பத்துப் பேருக்கு எப்படியும் 210. பதினோராவது ஆளுக்கு கூடுறது வெறும் 21, கிடைக்கிறது 28, எடுத்துடுவாங்க. கூலியும் ஏறுது, வேலையும் ஏறுது. ஆனா அதே கூலிய 30ன்னு வச்சா அவரோட 28 பத்தாது, வேலை கிடைக்காது. அதனால குறைந்தபட்சக் கூலி நல்லதா கெட்டதான்னு மட்டும் கேட்டா பதில் சொல்ல முடியாது, எவ்வளவு, எந்தச் சந்தைலன்னும் சேத்துக் கேக்கணும்.

நடுபெஞ்ச்
அக்கா அப்போ இதே மாதிரி விக்கிற முற்றுரிமைக்கு விலை உச்சவரம்பு வச்சாலும் அளவு கூடுமா? உச்சவரம்புன்னா தட்டுப்பாடு வரும்னுதானே பாடத்துல இருக்கு?

பழையவாத்தியார்
தம்பி அருமையா கேட்டீங்க, கூடும். தேவை அதே 120 − 2 × விலைதான், செலவு யூனிட்டுக்கு 20. உச்சவரம்பு 30ன்னு வைங்க. இப்ப 60 யூனிட் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் 30 வரும், மத்ததுக்கு விலை குறைக்க வேண்டிய கஷ்டம் இல்ல. கடைசி யூனிட்டால வர்றது 30, செலவு 20, அதனால 60 வரைக்கும் செய்வார். முன்னாடி 40தான் செஞ்சார். 20னு வச்சா 80 வரைக்கும் போகலாம், ஆனா மாறாச் செலவுன்னு ஒண்ணு இருந்தா 20 பத்தாது, மின்சாரம், தண்ணி மாதிரி குழாயும் கம்பியும் போட பெருசா காசு போட்ட இடத்துல கட்டுப்பாட்டு ஆணையங்கள் சராசரிச் செலவ ஒட்டி விலை வைக்கிறது இதனாலதான். 15னு வச்சா ஒரு யூனிட் கூட வராது, பாடத்துல சொல்ற தட்டுப்பாடு அங்கதான் வருது.